ஆனந்தரங்கப் பிள்ளையும் அவர் குடும்பமும்

விக்டோரியா மகாராணியார் காலத்து ஆங்கிலப் பிரபுக்களின் சரித்திரங்கள் நூல் நிலையங்களில் அலமாரி அலமாரியாக அடுக்கப்பட்டிருத்தலை நாம் காண்கின்றோம். ஒரு பிரபு இறந்த பின்னர் அவர்தம் மகனோ மருகனோ, கடிதங்களையும் குறிப்புகளையும் தேடித் தொகுத்து, இரண்டு மூன்று பெரும் பாகங்களாக அச்சிட்டு வெளியிடுதல் அந்நாட்டார் வழக்கம். பிரபுவின் குற்றங்குறைகள் அவற்றுட் பெரும்பாலும் இரா. நம் புதுச்சேரி நகரத்திலும் ஒரு பிரபு வாழ்ந்தார். அவர் விக்டோரியாவுக்கு நூறு ஆண்டு முற்பட்டவர். அவருக்குப் பிறர் சரித்திரம் எழுத வேண்டிய தேவை நேர்ந்திலது. இருபத்துநான்கு ஆண்டுகள் தாமே எழுதி வைத்துச் சென்றார். கடைத்தெருவுக்குப் போகும் ஒவ்வொரு நாளும் நாம் அவர் பெயரைச் சொல்லுகின்றோம். ரங்கப்பிள்ளை வீதி என்பது அவர் பெயரால் வழங்குவதே.

ஆயினும் ஆனந்தரங்கப் பிள்ளையின் வரலாற்றை அவர் பிறப்பிலிருந்து தொடங்கினால் அது விளங்காது என்பது என் எண்ணம். அவருடைய மாமன் முறையினரான நைனியப் பிள்ளையின் சிறைவாசத்திலிருந்து தொடங்குதலே முறையாகும்.

நைனியப் பிள்ளை 1708-ஆம் ஆண்டு முதல் பிரெஞ்சுக் கும்பினியாரின் தலைமைத் துபாஷாக இருந்தவர். துபாஷ் என்னும் சொல்லுக்கு இருமொழி வல்லார் என்பது பொருள். ஆனால் அவ்வுத்தியோகம் வெறும் மொழிபெயர்ப்பு அன்று. நெசவாளரிடத்தும் வணிகரிடத்தும் முன்பணம் கொடுத்துத் துணிகளைக் கொள்முதல் செய்தல், நவாபுகளுக்கும் பாளையக்காரர்களுக்கும் ஓலையும் கடிதமும் போக்குதல், நகரத்திலுள்ள பல சாதியாரின் வழக்குகளைக் கேட்டுக் கவர்னரிடம் சொல்லுதல் ஆகிய யாவும் அவன் கையில் இருந்தன. கப்பலில் வந்து இறங்கிய கவர்னருக்கு ஊரின் கண்ணும் காதும் நாவும் துபாஷே. ஆதலின் அவனுக்குச் செல்வம் குவிந்தது. செல்வத்தோடு பகையும் குவிந்தது. நைனியப் பிள்ளை இந்து சமயத்தவர். கும்பினியின் முதல் உத்தியோகம் கிறிஸ்தவன் ஒருவனுக்கே உரியது என்று சேசு சபைப் பாதிரிமார் நெடுங்காலமாக வற்புறுத்தி வந்தனர். எபேர் என்னும் கவர்னர் அவர்கள் பக்கம் சாய்ந்தார். 1716-ஆம் ஆண்டு நைனியப் பிள்ளை சிறைப்பட்டார். கொடுங்கோன்மை, இராசத்துரோகம் முதலிய குற்றங்கள் அவர்மீது சுமத்தப்பட்டன. கடைவீதியில் ஊரார் காண ஐம்பது சவுக்கடி, மூன்று ஆண்டு சிறை, 8,888 வராகன் அபராதம், சொத்துப் பறிமுதல் என்று தீர்ப்பாயிற்று.

இவ்வழக்கில் என் மனத்தை மிகவும் வருத்திய செய்தி ஒன்று உண்டு. சாட்சிகள் தமிழிற் கூறியன போர்த்துகேசிய மொழியில் பெயர்க்கப்பட்டு, பின்னர்ப் பிரெஞ்சு மொழியில் எழுதப்பட்டன. நைனியப் பிள்ளைக்குப் போர்த்துகேசியம் தெரியும், பிரெஞ்சு தெரியாது. தம்மைத் தண்டித்த ஏட்டில் என்ன எழுதியிருந்தது என்று படித்தறிய அவரால் இயலவில்லை. பிறர் மொழியைப் பெயர்த்துச் சொல்லியே வாழ்ந்த ஒருவர், தாம் அறியாத மொழியிற் செய்யப்பட்ட பெயர்ப்பினால் அழிந்தார். 1717-இல் சிறையிலேயே அவர் உயிர் நீத்தார்.

கதை அத்துடன் முடிந்ததில்லை. எல்லாப் பாதிரிமாரும் ஒரு பக்கம் நின்றார்கள் என்றும் எண்ணவேண்டா. அந்நிய நாட்டு வேதபோதகச் சபையாரும் கப்புச்சின் சபையாரும் நைனியப் பிள்ளையின் குடும்பத்துக்காகப் பரிந்து பேசினர். எபேர் 1718-இல் பதவி இழந்தார். நைனியப் பிள்ளையின் மூத்த குமாரர் குருவப் பிள்ளை கடல் கடந்து பிரான்சு தேசம் சென்று, தந்தைக்கு இழைக்கப்பட்ட அநீதியை முறையிட்டார். 1720-இல் அரசாணையால் பழைய தீர்ப்பு நீக்கப்பட்டது. குருவப் பிள்ளை பாரிஸ் நகரில் ஞானஸ்நானம் பெற்றார். அப்பொழுது அரசாட்சியை நடத்திவந்த ஓர்லெயான் கோமகனே அவருக்கு ஞானத்தந்தையாக நின்றார். புனித மிக்கேல் வீரர் வரிசையில் சேர்க்கப்பட்டு, ‘செவாலியே’ என்னும் பட்டத்தோடு அவர் திரும்பி வந்து, 1722-இல் தந்தை வகித்த உத்தியோகத்தில் அமர்ந்தார். ஈராண்டே வாழ்ந்தார், 1724-இல் இறந்தார். எந்தச் சமயத்தைச் சேராத குற்றத்திற்காகத் தந்தை அழிந்தாரோ அந்தச் சமயத்திலேயே மகன் சேர்ந்து அவருடைய பதவியை மீட்டது மெய்ந்நம்பிக்கையாலோ உலகியல் அறிவாலோ, அதனை அளக்கும் கோல் நம்மிடம் இல்லை.

இத்தகைய குடும்பத்தில் 1709-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 30-ஆம் நாள் ஆனந்தரங்கப் பிள்ளை பிறந்தார். பிறந்த ஊர் சென்னையை அடுத்த பெரம்பூர். குலம் யாதவ குலம், சமயம் வைணவம். தந்தையார் திருவேங்கடம் பிள்ளை செல்வமிக்க வணிகர். மைத்துனர் நைனியப் பிள்ளையின் அழைப்பை ஏற்றுப் புதுச்சேரிக்கு வந்தவர். மைத்துனருக்கு நேர்ந்த கேடு அவரையும் தாக்கியது. புது கவர்னர் நல்லுரை கூறி மீண்டும் அழைத்த பின்னரே அவர் இந்நகரில் நிலைபெற்றார். மாமன் சிறையில் மாண்டபோது ரங்கப் பிள்ளை எட்டு வயதுச் சிறுவர். வீட்டில் பெரியோர் தாழ்ந்த குரலிற் பேசியன அச்சிறுவன் செவியில் விழாமலா இருந்திருக்கும்!

திருவேங்கடம் பிள்ளை 1726-இல் இறந்தார். அப்பொழுது ரங்கப் பிள்ளைக்கு வயது பதினேழு. கவர்னர் லெனுவார் அவ்விளைஞரின் திறமையைக் கண்டு, பரங்கிப்பேட்டைத் துணிச் சாலையின் அலுவலை அவரிடம் ஒப்புவித்தார். நீலச் சாயம் தோய்த்த துணிகள் அக்காலத்தில் அவ்வூரிலிருந்து கப்பல் ஏறின. ரங்கப் பிள்ளை அதனோடு அமையாமல், லாலாப்பேட்டையிலும் ஆர்க்காட்டிலும் தம் பொருட் செலவில் பண்டசாலைகளை நிறுவி, ஐரோப்பியச் சரக்குகளை உள்நாட்டிற்கும் உள்நாட்டுச் சரக்குகளைக் கடற்கரைக்கும் மாற்றும் வாணிகத்தை வளர்த்தார். பிற்காலத்தில் ‘ஆனந்தப்புரவி’ என்னும் பெயரால் அவருக்குச் சொந்தமான கப்பலும் ஓடிற்று. இன்று ரங்கப்பிள்ளை வீதியில் நிற்கும் அவருடைய மாளிகை 1738-ஆம் ஆண்டளவில் எழுந்தது என்பர். கீழ்த்தளம் தமிழ் நாட்டு முறையில் மரத்தூண்களோடும், மேல்தளம் பிரெஞ்சு முறையில் வெண்சுதைத் தூண்களோடும் அமைந்துள்ளது. அவர் வாழ்க்கைக்கு இவ்வீட்டைவிடப் பொருத்தமான படம் ஒன்றை எந்தச் சித்திரக்காரரும் தீட்ட இயலாது.

1736-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 6-ஆம் நாள் அவர் நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார். காதால் கேட்டனவும் கண்ணாற் கண்டனவும், கப்பல்கள் வருதலும் போதலும் எழுதப்படும் என்பதே அவர் தொடக்கத்தில் வகுத்துக்கொண்ட திட்டம். அன்று முதல் அவர் இறக்கும் வரையில், இடையிடையே சில ஏடுகள் இல்லாது போயினும், அது தொடர்ந்து சென்றது. ஏறக்குறைய நூறாண்டு அது வீட்டுக்குள்ளேயே கிடந்தது. 1846-ஆம் ஆண்டு கலுவா மோம்பிரேன் என்னும் பிரெஞ்சுக்காரர் அதனைக் கண்டெடுத்தார். அரியேல் என்பவர் எடுத்த படி பாரிஸ் நகர நூலகம் சென்று சேர்ந்தது. சென்னை அரசாங்கத்தார் 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு பாகங்களாக ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டனர். பிரைஸ், ரங்காசாரி, டாட்வெல் என்போர் அதன் பதிப்பாசிரியர்கள். தமிழில் எழுதிய நூல், எழுதப்பட்ட ஊரிலேயே தமிழில் அச்சேறத் தொடங்கியது 1948-இல்தான். ஆங்கிலத்தார்க்கு இருந்த ஆவல் நமக்கு இல்லாது போயிற்றே என்று வருந்துவதா, அவர்களேனும் செய்தார்களே என்று மகிழ்வதா?

தமிழ் ஆனர்ஸ் மாணவனாகிய நான் அதனை முதன்முதல் கையில் எடுத்தபோது ஏமாற்றமே அடைந்தேன் என்பதை ஒளியாமற் சொல்லுகின்றேன். சந்தி இல்லை, வாக்கியம் எங்கே முடிகிறது என்பது விளங்குவதில்லை, தெலுங்கும் பாரசீகமும் பிரெஞ்சும் போர்த்துகேசியமும் ஊர்ப்பேச்சும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. நன்னூலைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் பக்கத்துக்குப் பத்துப் பிழை காட்டலாம். பத்து நாள் படித்த பின்னர் நன்னூலை ஒருபுறம் வைத்துவிட்டேன். வீரமாமுனிவர் பரமார்த்த குருவின் கதையை எழுதியதும் ஏறக்குறைய இக்காலமே. அவர் பிறர் படிப்பதற்காக உரைநடை எழுதினார். பிள்ளையோ தம் உள்ளத்தைத் தாமே கேட்பதற்காக எழுதினார்; ஆதலின் இருநூற்றெழுபது ஆண்டுக்கு முன்னர்ப் புதுச்சேரியில் மனிதர் எப்படிப் பேசினர் என்பதை அவரிடமே நாம் கேட்கலாம். இங்கிலாந்தில் 1660 முதல் 1669 வரை நாட்குறிப்பு எழுதிய சாமுவேல் பெப்பிஸ் என்பாரோடு அவரை ஒப்பிடுவது வழக்கம். பெப்பிஸ் குறுக்கெழுத்தில் மறைத்து எழுதினார். அவர் ஒன்பது ஆண்டுகளில் நிறுத்திவிட்டார் என்பதையும் ஒப்பிடுவோர் நினைவிற் கொள்வது நலம்.

அந்நூலில் இல்லாதது என்ன? எந்தக் கப்பலுக்கு எத்தனை பீரங்கி முழங்கியது என்று எண்ணி எழுதுவார். யார் யாருக்கு எத்தனை வராகன் காணிக்கையாக வைத்தார் என்று கணக்கு வைப்பார். ஏழை மக்களை ஏமாற்றிப் பிடித்து, மஸ்கரேன் தீவுகளுக்கு அடிமைகளாகக் கப்பல் ஏற்றிய கூட்டத்தாரைப் பற்றி 1743-இல் அவர் எழுதியிருப்பது படிப்போர் நெஞ்சைக் கலக்கும். தம் சாதகத்தையும் கிரக பலனையும் பற்றி எழுதும்போது சிறு பிள்ளையைப்போல் நம்புவார். பகைவரைப் பற்றி எழுதும்போது இரக்கம் அவரிடம் சிறிதும் இராது. தற்புகழ்ச்சி நிறைய உண்டு. டூப்ளே தம்மைப் புகழ்ந்த நாளில் அப்புகழ்ச்சியை ஒரு சொல்லும் விடாது எழுதிக்கொள்வார்.

மாமன் குடும்பம் இழந்த அந்த உத்தியோகத்தின்மேல் அவர் கண் இருந்தது என்பதில் ஐயம் இல்லை. ஆனால் இருபது ஆண்டுக்கு மேலாக அது கனகராய முதலியாரிடம் இருந்தது. முதலியார் கிறிஸ்தவர், ‘பெத்ரோ’ என்பது அவரது ஞானஸ்நானப் பெயர். அவர் தம் ஒரே மகனை இளமையில் இழந்த துயரத்தில், அவன் நினைவாக ஒழுகரையில் புனித அந்திரேயா ஆலயத்தைக் கட்டி, 1745-இல் பெரு விருந்து நடத்தினார். இந்துக்களுக்குப் பிராமணரைக் கொண்டு தனியே சமைப்பித்து, எல்லாச் சாதியாருக்கும் அவரவர் முறைப்படி அன்னமிட்டார். அவ்விருந்தை விரிவாக எழுதிய ரங்கப் பிள்ளை, அதில் குறை கண்டும் எழுதினார். மகனை இழந்தவர் அளித்த விருந்து அது என்பதை அவர் மறந்தாற்போலத் தோன்றுகிறது. அதே ஆண்டில், சம்பா கோவிலுக்குள் சாதிக் கிறிஸ்தவரையும் பறையர் குலத்துக் கிறிஸ்தவரையும் பிரித்து நின்ற சுவர் பற்றிய கலகத்தையும் அவர் குறித்துள்ளார். பறையர் குலத்தார் பாதிரிமாரிடம் முறையிட, சுவர் இடிக்கப்பட்டது. சாதிக் கிறிஸ்தவர் சினந்தனர். நம் ஆலயத்துக்குள் நடந்த அச்செய்தியை நமக்காக எழுதி வைத்தவர் ஒரு வைணவர். நம்மவர் எழுதி வைத்திருந்தால் சுவர் இருந்ததையே சொல்லியிருப்பரோ என்னவோ!

கனகராய முதலியார் 1746 பிப்ரவரியில் இறந்தார். அந்த நாள் முதல் பதவிக்கான போட்டி ஓராண்டுக்கு மேல் நடந்தது. 1742-இல் கவர்னராக வந்த டூப்ளே ரங்கப் பிள்ளையின் திறமையை நன்கு அறிந்தவர். ஆனால் சேசு சபையார் பழைய வாதத்தையே மீண்டும் எழுப்பினர். கவர்னரின் மனைவியார் மதாம் டூப்ளே இந்நாட்டில் பிறந்து வளர்ந்தவர். தமிழ் பேசத் தெரிந்தவர். ஆதலால் துபாஷின் உதவி அவருக்கு வேண்டியிருக்கவில்லை. அவர் தமக்கென ஒற்றர்களையும் ஆட்களையும் வைத்துக்கொண்டு தனி அரசு நடத்தினார். ரங்கப் பிள்ளைமேல் அவருக்கு இருந்த வெறுப்புக்கு ஈடாக அவர்மேல் ரங்கப் பிள்ளைக்கும் வெறுப்பு இருந்தது. இவ்வளவையும் கடந்து 1747-இல் பதவி பிள்ளைக்கு உறுதியாயிற்று. நைனியப் பிள்ளை சிறையில் மாண்டு முப்பதாண்டு கழிந்திருந்தது.

அவர் பதவி ஏற்ற காலம் எத்தகையது! 1746 செப்டம்பரில் லாபூர்தொனே சென்னைப் பட்டணத்தைப் பிடித்திருந்தார். 1748-இல் ஆங்கிலத் தளபதி பாஸ்கவன் புதுச்சேரியை முற்றுகையிட்டுத் தோற்றுத் திரும்பினார். 1749 ஆகஸ்டில் ஆம்பூர்ப் போரில் ஆர்க்காட்டு நவாபு அன்வருத்தீன் கான் வீழ, சந்தா சாகிபும் முசபர் ஜங்கும் பிரெஞ்சுக்காரரின் துணையால் தலையெடுத்தனர். முசபர் ஜங் ரங்கப் பிள்ளைக்கு மூவாயிரம் குதிரைக்குரிய மன்சப்தார் என்னும் வரிசையும், வசாரதராய விஜய ஆனந்தரங்கராயர் என்னும் விருதும், செங்கற்பட்டுக் கோட்டையின் தலைமையும் வழங்கினார். கவர்னர் மாளிகைக்குள் பல்லக்கில் செல்லவும், மேளதாளம் முழங்கவும், பொற்பூண் பிரம்பு ஏந்தவும் அவருக்கு உரிமை இருந்தது என்பர். ஐம்பது சவுக்கடி பட்ட குடும்பத்துக்கு அதே நகரத்தில் மேளம் முழங்கிற்று.

இனி, எழுதக் கை கூசும் ஒரு செய்தி உண்டு. நான் கிறிஸ்தவக் குடும்பத்திற் பிறந்தவன். ஞாயிறுதோறும் சம்பா கோவிலில் பூசை காண்பவன். புனித பவுலின் பெயர் மருவியே சம்பா என்றாயிற்று. அன்று அவ்வாலயத்தை அடுத்து வேதபுரீசுவரன் கோவில் நின்றது. அதனை அகற்ற வேண்டும் என்று பாதிரிமார் பல ஆண்டுகளாகக் கேட்டு வந்தனர். முந்தைய கவர்னர்கள் ஊரார் கலகத்துக்கு அஞ்சித் தவிர்த்தனர். 1748 செப்டம்பரில், பாஸ்கவன் முற்றுகையின் நடுவே, மதாம் டூப்ளேயின் தூண்டுதலும் சேர, கோவில் இடிக்கப்பட்டது. கேர்தூ என்னும் சேசு சபைப் பாதிரியார் மூலவராகிய இலிங்கத்தைக் காலால் உதைத்துச் சம்மட்டியால் உடைத்தார் என்று பிள்ளை எழுதுகின்றார். இதே கேர்தூ பாதிரியார்தாம் பின்னர், 1767-இல், சமஸ்கிருதமும் லத்தீனும் கிரேக்கமும் உறவுடைய மொழிகள் என்பதைப் பாரிஸ் அறிஞர்க்கு எழுதி மொழிநூலுலகில் புகழ் பெற்றவர். எங்கள் வகுப்பில் அவர் பெயரை முதலிற் கேட்டது மொழிநூற் பாடத்தில். இரண்டாம் முறை கண்டது இந்நாட்குறிப்பில். இரண்டும் ஒரே மனிதர் என்பதை ஏற்றுக்கொள்ள எனக்குச் சில நாள் ஆயிற்று.

ரங்கப் பிள்ளை அன்று யாது செய்தார்? ஊர்ப் பெரியோர் அவரிடம் ஓடி வந்தனர். உற்சவ மூர்த்திகளையும் தட்டுமுட்டுகளையும் காளத்தீசுவரன் கோவிலுக்குக் கொண்டு செல்லும்படி அவர் சொன்னார். கவர்னரை எதிர்த்து நிற்கவில்லை. பதவியைத் துறக்கவும் இல்லை. ஊராரிடையே ஒற்றுமை இல்லாமையே இக்கேட்டுக்குக் காரணம் என்று இரவில் எழுதிக்கொண்டார். இதற்காக அவரைப் பழிப்போர் உண்டு. எதிர்த்து நின்றவருக்கு என்ன நேரும் என்பதை அந்நகரில் அவரைப்போல் அறிந்தவர் வேறு ஒருவரும் இலர் என்பதையும் பழிப்போர் எண்ணிப் பார்த்தல் வேண்டும். எண்ணிப் பார்த்த பின்னும் என் மனம் முழுதும் அமைதியுறவில்லை. கோவிலை இடித்தவர் பக்கத்தில் பிறந்த நான், தடுக்காதவரைக் குறை கூறுதல் பொருந்துமா என்று கேட்டால் அதற்கும் என்னிடம் விடை இல்லை. இன்றைய வேதபுரீசுவரர் கோவில் பிற்காலத்தில் வேறிடத்தில் எழுந்தது.

செல்வமும் விருதும் உள்ள இடத்தைப் புலவர் நாடுதல் இயல்பே. தியாகராய தேசிகர் தமிழில் ‘ஆனந்தரங்கன் கோவை’ பாடினார். சீனிவாச கவி வடமொழியில் ‘ஆனந்தரங்க விஜய சம்பு’ இயற்றினார். கஸ்தூரிரங்க கவி தெலுங்கில் அவர் பெயரால் ஒரு யாப்பிலக்கணம் செய்தார். கோவை நூலில் கிளவித் தலைவன் வேறு, பாட்டுடைத் தலைவன் வேறு என்பதை மாணவர் அறிவர். பாட்டுடைத் தலைவனாகப் புலவர் காட்டும் ரங்கப் பிள்ளைக்குக் கவலை என்பதே இல்லை; நாட்குறிப்பில் உள்ள ரங்கப் பிள்ளைக்குக் கவலை இல்லாத நாள் இல்லை. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால், புகழ்ப் பாடல் எதனை விட்டுவிடுகிறது என்பது நன்கு புலனாகும்.

அவர் இல்லாள் மங்கத்தாயம்மாள், செங்கற்பட்டுச் சேஷாத்திரிப் பிள்ளையின் குமாரத்தி. பாப்பாள், பொன்னாச்சி, நன்னாச்சி என மூன்று பெண்கள். அண்ணாசாமி, அய்யாசாமி என இரண்டு ஆண்கள். பீரங்கிக் குண்டுகளை எண்ணி எழுதியவர் தம் அகத்தாரின் பேச்சை எழுதியது மிகக் குறைவு. மதாம் டூப்ளேயின் குரல் அந்நூலில் உரக்கக் கேட்கிறது; மங்கத்தாயம்மாளின் குரல் கேட்பதே அரிது. அக்காலப் பெருவீடுகளில் வெளிக்கட்டில் எழுதிய ஏட்டில் உட்கட்டுக்கு இடமில்லை போலும். தம்பியாரின் பெயர் திருவேங்கடம் பிள்ளை. பாட்டனின் பெயர் பேரனுக்கு வரும் வழக்கத்தால் இக்குடும்பத்தில் திருவேங்கடம் பிள்ளைகள் பலர். வரலாறு படிப்போர் மயங்காதிருத்தல் வேண்டும்.

டூப்ளேயின் வீழ்ச்சி ரங்கப் பிள்ளையின் வீழ்ச்சியுமாயிற்று. 1754 ஆகஸ்டில் கொதே என்பவர் பிரான்சிலிருந்து வந்து இறங்கி, டூப்ளேயைத் திருப்பி அனுப்பினார். இந்நாட்டில் பேரரசு காணக் கனவு கண்டவர் 1763-இல் பாரிஸ் நகரில் கடனாளியாக இறந்தார். அடுத்து வந்த லெரி காலத்தில், 1756-இல், ரங்கப் பிள்ளை தலைமைத் துபாஷ் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். உடலும் நோயுற்றிருந்தது. பகைவர் மேலோங்கினர். ஆயினும் எழுதுதலை விட்டாரில்லை. அதிகாரத்தில் இருந்த நாட்களில் எழுதியதைக் காட்டிலும் அதிகாரம் இழந்த பின் எழுதியதே எனக்கு உயர்ந்ததாகத் தோன்றுகிறது. முன்னையதில் தாம் பெரியவர் என்று காட்டும் முனைப்பு உண்டு. பின்னையதில் நோயுற்ற ஒருவர் வாசலில் அமர்ந்து, ஊர் கெடுவதைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுகின்றார்.

1758-இல் லாலி வந்தார். போரை நடத்தத் தெரிந்தவர், மனிதரை நடத்தத் தெரியாதவர். 1760 சனவரியில் வந்தவாசியில் தோற்றார். அவ்வாண்டு இறுதியில் அயர் கூட் புதுச்சேரியை வளைத்துக்கொண்டார். உணவு அற்றுப்போகவே, நகரிலிருந்த நம் மக்கள் ஆயிரத்து நானூறு பேரளவில் கோட்டைக்கு வெளியே துரத்தப்பட்டனர். ஆங்கிலப் படையும் அவர்களை அப்பால் விடாது தடுக்க, இரு படைக்கும் நடுவே எட்டு நாள் அவர்கள் பசியாற் கிடந்தனர். பின்னரே கூட் வழி விட்டார். 1761 சனவரி முதல் நாள் அடித்த பெரும்புயலில் ஆங்கிலக் கப்பல்கள் பல அழிந்தன. நகரம் தப்பிவிடும் என்று சிலர் நம்பினர். தப்பவில்லை. சனவரி 16-ஆம் நாள் கோட்டை வீழ்ந்தது. கோட்டை வீழ்ந்த அந்நாட்களை ஒட்டியே, ஐம்பத்திரண்டாம் வயது நிரம்புமுன், ஆனந்தரங்கப் பிள்ளை கண் மூடினார். கடைசி வரையில் குறிப்புகள் உள்ளன. இறுதிப் பகுதி நோய் முற்றிய நிலையில் எழுதப்பட்டது.

வென்றவர் கோட்டை மதில்களையும் பெருமாளிகைகளையும் வெடி வைத்துத் தகர்த்தனர். 1763-ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி புதுச்சேரி பிரெஞ்சுக்காரருக்கு மீண்டது. 1765-இல் அவர்கள் திரும்பி வந்தபோது கடற்கரையில் அவர்களைக் கற்குவியல்களே எதிர்கொண்டன. டூப்ளேயின் சிலை 1870-இல் இந்நகரில் நிறுவப்பட்டது. ரங்கப் பிள்ளைக்கு இங்கே வீதியும் வீடும் உண்டு. பிரபஞ்சன் அவருடைய நாட்குறிப்பினின்றும் ‘மானுடம் வெல்லும்’, ‘வானம் வசப்படும்’ என்னும் புதினங்களைப் படைத்து, பின்னதற்காக 1995-இல் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்றார்.

ஆயினும் இக்குடும்பத்தில் எழுதுகோல் அவரோடு கீழே விழவில்லை. மருமகனும் மகனும் தந்தையின் கடிதங்களைத் தொகுத்து வெளியிடுதல் ஆங்கில வழக்கம் என்று தொடக்கத்திற் சொன்னேன். இங்கே நடந்தது வேறு. அவர் இறந்த 1761-ஆம் ஆண்டிலேயே, தம்பி மகன் ரங்கப்ப திருவேங்கடம் பிள்ளை, இடிந்து கிடந்த நகரத்தில், பெரிய தந்தையார் விட்ட இடத்திலிருந்து எழுதத் தொடங்கினார். 1768 வரையில் அவர் எழுதியவை கிடைத்துள்ளன. அதன் பின்னர் அக்குடும்பத்து முத்துவிஜய திருவேங்கடம் பிள்ளை 1794 முதல் 1796 வரை எழுதினார். அப்பொழுது புதுச்சேரி மீண்டும் ஆங்கிலேயர் வசம் இருந்தது.